இருளில் கைகொடுக்கும் ரோச் லைற்: இணையத்தில் ஏமாறாமல் வாங்குவோம்

2025 நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' புயல் நாட்டை உலுக்கிய இரவுகளில் ஒன்று. எமது அயலில் வசிக்கும் சகோதரி ஒருவர் தனது இரண்டு பிள்ளைகளுடன் வீட்டில் தனியாக இருந்தார். மாலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. ஆனாலும் அவர் பயப்படவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் இணையத்தில் அரைவிலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு ரோச் லைற்றை வாங்கி வைத்திருந்தார். பெட்டியில் பெரிய எழுத்தில் '9900 எம்.ஏ.எச். பற்றரி, ஒரு தடவை சார்ஜ் செய்தால் 12 மணித்தியாலம் எரியும்' என்று போட்டிருந்தது.

அன்றிரவு அது முக்கால் மணித்தியாலம் எரிந்தது. பிறகு மங்கி மங்கி அணைந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் பழைய குப்பி விளக்கைத் தேடி எடுத்து ஏற்றினார். நித்திரைத் தூக்கத்தில் எழும்பிய சின்ன மகனின் கால் பட்டு விளக்கு சரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றுப்பட்டுப் பாய் பற்றிக்கொண்டது. பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துப் போட்டு மூடியதால் பெரிய ஆபத்து வரவில்லை.

"ரோச் லைற்றுக்குக் குடுத்த காசு போனால் போகட்டும் அக்கா. அண்டைக்குப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பன்?" என்று அவர் என்னிடம் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பொய் எழுதிய ஒரு பெட்டி காசை மட்டுமல்ல, உயிரையும் பறிக்கக்கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இக்கட்டுரை அந்தச் சகோதரிக்காகவும் அவரைப் போன்ற எமது வாசகிகளுக்காகவும் எழுதப்படுகிறது.

குப்பி விளக்கிலிருந்து ரோச் லைற் வரை

குப்பி விளக்கின் ஆபத்து எமக்குப் புதிதல்ல. எமது நாட்டைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள், போத்தல் விளக்குச் சரிந்து எரிகாயப்பட்டு வருவோரைத் தொடர்ந்து பார்த்து மனம் வருந்தி, 1990களின் ஆரம்பத்தில் பாதுகாப்பான போத்தல் விளக்கு ஒன்றை உருவாக்கினார். 'சுதீப' என்று பெயரிடப்பட்ட அந்த விளக்குக் குட்டையானது, பாரமானது. உருண்டு ஓடாதபடி இரு பக்கமும் தட்டையாக இருக்கும். எண்ணெய் சிந்தாதபடி திருகுமூடியும் உண்டு. இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு சாதாரண விளக்கைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஒரு வைத்தியருக்கு இருந்த அக்கறை, அதை நாளாந்தம் கையாளும் எமக்கும் இருக்க வேண்டுமல்லவா?

வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியும் தடுக்கப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. தீர்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்தும் வெந்நீரில் போட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பாவிக்க முயன்றோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் பலர். பின்னர் 2022இல் முழு நாடுமே இருளை அனுபவித்தது. அவ்வாண்டு மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது.

கைத்தொலைபேசியில் வெளிச்சம் இருக்கிறதே, ரோச் லைற் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஆபத்து வேளையில் தொலைபேசியின் உயிர் அதன் பற்றரிதான். 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்துக்கோ, 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கோ அழைக்க வேண்டிய நேரத்தில் அது வெளிச்சம் காட்டியே தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்வது? வெளிச்சத்துக்கு ரோச் லைற், அழைப்பதற்குத் தொலைபேசி என்று பிரித்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இலக்கங்களைப் படிக்கப் பழகுவோம்

கடையில் வாங்கும்போது பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், எரித்துப் பார்க்கலாம். இணையத்தில் எமக்குக் கிடைப்பது படமும் இலக்கமும் மட்டுமே. ஆகவே இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவரே அங்கு நல்ல பேரம் பேசக்கூடியவர்.

முதலாவது, எம்.ஏ.எச். என்பது. இது பற்றரியின் கொள்ளளவு. தண்ணீர்த் தாங்கி எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பது போன்றது. இன்று அதிகமான சார்ஜ் ரோச் லைற்றுகளில் இருப்பது '18650' எனப்படும் லித்தியம் அயன் பற்றரி. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்தப் பெயரின் பொருள். நல்ல நிறுவனங்களின் பற்றரியில் பொதுவாக 2000 முதல் 3500 எம்.ஏ.எச். வரையே கொள்ளளவு இருக்கும். ஒரு சுண்டில் ஒரு கொத்து அரிசி அடங்காது. அதுபோலவே இந்த ஒற்றைப் பற்றரிக்குள் 9900 அடங்கவே அடங்காது. அப்படி எழுதியிருந்தால் அந்த விற்பனையாளரை விட்டு விலகுவதே நல்லது.

பென் ரோச் பற்றரி என்று நாம் அழைக்கும் டபிள் ஏ அளவிலும் இதே கதைதான். மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகையில் இந்த அளவுக்கு 1900 முதல் 2700 வரை நம்பலாம். 4000, 5000 என்றால் நம்பக்கூடாது. பெரிய 'டி' அளவுப் பற்றரியை மலிவாக விற்பவர்கள் சிலர் உள்ளே ஒரு டபிள் ஏ பற்றரியை வைத்து மூடிவிடுகிறார்கள். கையில் எடுத்ததும் பாரமில்லாமல் இருந்தால் அதுதான் விடயம்.

இப்போது யூ.எஸ்.பி. வயரில் நேரடியாகச் சார்ஜ் செய்யும் 1.5 வோல்ற்று லித்தியம் பற்றரிகளும் வருகின்றன. இவற்றில் சிலவேளை எம்.ஏ.எச். என்பதற்குப் பதிலாக எம்.டபிள்யூ.எச். என்று போட்டிருப்பார்கள். இலக்கம் பெரிதாகத் தெரியும். 3000 எம்.டபிள்யூ.எச். என்பதை 1.5 ஆல் பிரித்தால் 2000 எம்.ஏ.எச்.தான் வரும். பொய் சொல்லவில்லை, ஆனால் அவசரமாகப் பார்ப்பவர் ஏமாறுவார்.

இரண்டாவது, லூமன் என்பது. இது வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 12 லூமன் தரும். முன்னர் நாம் பாவித்த 40 வற் குமிழ் 400 லூமனுக்குச் சற்று அதிகமாகத் தந்தது. சமையலறையில் வேலை செய்யவோ பிள்ளை படிக்கவோ 50 முதல் 100 லூமன் போதும். இரவில் வளவுக்குள் இறங்கி நடக்க, பாம்பு பூச்சி கிடக்கிறதா என்று பார்க்க 100 முதல் 200 லூமன் தாராளம். யானை நடமாடும் கிராமங்களில் தூரத்துக்குப் பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டுமே அதைவிட அதிகம் தேவை. உள்ளங்கை அளவு ரோச் லைற்றுக்கு ஒரு லட்சம் லூமன் என்று எழுதியிருந்தால் அது வெறும் கற்பனை.

மூன்றாவது, எரியும் நேரம். இதைச் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நல்ல 18650 பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 10 வற் மணித்தியாலச் சக்தி உண்டு. ஒரு வற்றுக்குச் சுமாராக 100 லூமன் கிடைக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் மொத்தம் 1000. அதாவது 100 லூமனில் 10 மணித்தியாலம், அல்லது 500 லூமனில் 2 மணித்தியாலம். திறமான ரோச் லைற் இதைவிடச் சற்றுக் கூடத் தரலாம். ஆனால் ஒற்றைப் பற்றரியுடன் '1000 லூமன், 12 மணித்தியாலம்' என்று போட்டிருந்தால் இரண்டும் ஒன்றாக நடக்காது. அதிக வெளிச்சத்துக்கு ஒரு கணக்கும் குறைந்த வெளிச்சத்துக்கு இன்னொரு கணக்கும் எடுத்துச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

நேர்மையான நிறுவனங்கள் 'ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல். 1' என்ற அளவுமுறையைப் பின்பற்றுகின்றன. 2009இல் வந்த இம்முறையில் வெளிச்சம், தூரம், எரியும் நேரம், தண்ணீர் தாங்கும் தன்மை என்பன ஒரே விதமாக அளக்கப்படுகின்றன. அதிலும் எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும் வரையான நேரம் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வெள்ளம் வரும் பகுதியினர் 'ஐ.பி.எக்ஸ்.' இலக்கத்தையும் பார்க்க வேண்டும். 4 என்றால் தூறலும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும்.

எந்தப் பற்றரி எமக்கு ஏற்றது?

சார்ஜ் பற்றரி எல்லோருக்கும் இலாபம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு சாதாரணப் பற்றரி 400 ரூபா என்றும், நான்கு சார்ஜ் பற்றரியும் சார்ஜரும் சேர்த்து 5000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். 13 தடவை மாற்றியதும் போட்ட காசு திரும்பிவிடும். வாரம் ஒரு தடவை பற்றரி மாற்றும் வீட்டுக்கு மூன்று மாதத்தில் இலாபம் தொடங்கும். நல்ல பற்றரியை நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் செய்யலாம் என்பதால் அதன் பிறகு வருவதெல்லாம் மிச்சம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றும் வீட்டுக்கு ஆறு வருடத்துக்கு மேல் செல்லும். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோற்றுக்கும் சாதாரணப் பற்றரியே போதும்.

அவசரத்துக்கென்று எடுத்து வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய வகை நிக்கல் பற்றரிகள் சும்மா வைத்திருந்தாலே சில மாதங்களில் தீர்ந்துவிடும். 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் 'எனலூப்' என்ற பெயரில் மெதுவாகத் தீரும் வகையை அறிமுகப்படுத்தியது. இப்போது வேறு நிறுவனங்களும் அவ்வகையைச் செய்கின்றன. ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் இவற்றில் பெரும்பகுதி மின்னேற்றம் மிஞ்சியிருக்கும். பெட்டியில் 'ரெடி டு யூஸ்' அல்லது 'ப்ரீ சார்ஜ்ட்' என்று இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும்.

சுவரில் நேரடியாகச் செருகும் மலிவான சார்ஜ் ரோச் லைற்றுகள் பலவற்றில் ஈயப் பற்றரிதான் உள்ளது. அதைத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் பிறகு மின்னேறாது. 'வாங்கி ஒரு வருடத்தில் பழுதாகிவிட்டது' என்ற முறைப்பாட்டுக்கு அடிக்கடி காரணம் இதுதான்.

இணையத்தில் வாங்கும்போது

டராஸ், கப்ருக, இக்மன் போன்ற தளங்கள் எமக்குப் பழக்கமானவை. எங்கு வாங்கினாலும் தளத்தின் பெயரைவிட, அத்தளத்தில் விற்பவர் யார் என்பதே முக்கியம். எத்தனை காலமாக விற்கிறார், மற்றைய பொருட்களுக்கு என்ன கருத்துக் கிடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாங்கியவர்களின் கருத்துகளில் ஐந்து நட்சத்திரம் போட்டவற்றை விட்டுவிட்டு, ஒன்றும் இரண்டும் போட்டவற்றை முதலில் வாசியுங்கள். 'பொருள் கிடைத்தது, நன்றி' என்பதால் எமக்குப் பயனில்லை. 'மூன்று மாதம் கழித்து இப்போதும் எரிகிறது' என்று படத்துடன் எழுதியவரின் கருத்துக்கே மதிப்பு.

'70 வீத விலைக்கழிவு' என்ற சிவப்பு எழுத்தைக் கண்டதும் அவசரப்பட வேண்டாம். விலையை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு குறைப்பதும் உண்டு. விருப்பப் பட்டியலில் போட்டுவைத்து இரண்டு மூன்று வாரம் விலையைக் கவனியுங்கள். நவம்பர் 11, டிசம்பர் 12 போன்ற விற்பனை நாட்களில் விலை உண்மையிலேயே குறைகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். விநியோகச் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். பக்கத்துக் கடையில் உத்தரவாத அட்டையுடன் அதே விலைக்குக் கிடைத்தால் கடையே மேல்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சிறு சேமிப்புக் குழுக்களும் இவ்விடயத்தில் நல்ல உதவி செய்யலாம். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள். நல்லதென்றால் பத்துப் பேர் சேர்ந்து ஒரே தடவையில் வாங்கலாம். விநியோகச் செலவு பகிர்ந்துபோகும். விற்பனையாளரிடம் விலை கேட்கவும் முடியும்.

முகநூல் விளம்பரத்தைப் பார்த்து, முகம் தெரியாதவரின் வங்கிக் கணக்குக்கு முற்பணம் போடாதீர்கள். முடிந்தவரை பொருள் கைக்கு வந்த பின் காசு கொடுக்கும் முறையையே தெரிவுசெய்யுங்கள். நீங்கள் கேட்காத பொதி வந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தொலைபேசிக்கு வரும் ஓ.டீ.பி. இலக்கத்தை எவர் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும், கொடுக்கக் கூடாது.

வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தனியான லித்தியம் பற்றரிகளை விமானத்தில் கையில் கொண்டுவரும் பையில்தான் வைக்கலாம். ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பற்றரியின் முனைகள் ஒன்றோடொன்று முட்டாதபடி தனித்தனியே பெட்டியிலோ பையிலோ போட வேண்டும். பயணிகள் விமானங்களில் தனி லித்தியம் அயன் பற்றரிகளைச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வெளிநாட்டுத் தளங்களில் தனிப் பற்றரிக்குக் கட்டளை கொடுத்தால் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதி வந்ததும் செய்ய வேண்டியவை

பொதியைப் பிரிக்கும்போது கைத்தொலைபேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். உடைந்தோ மாறியோ வந்திருந்தால் அதுவே சாட்சி. திருப்பி அனுப்புவதற்கான கால எல்லையை அன்றே பார்த்துக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கால எல்லை முடிவதற்குள் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, நிறை. 18650 பற்றரியைக் கழற்ற முடியுமென்றால் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல பற்றரி 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம் என்றால் உள்ளே பொருள் இல்லை. இரண்டாவது, நேரம். முழுமையாகச் சார்ஜ் செய்து, நீங்கள் வழமையாகப் பாவிக்கப்போகும் வெளிச்சத்தில் எரியவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். சொன்ன நேரத்தில் பாதி கூட எரியவில்லை என்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். எமது அயல் சகோதரி இந்த ஒன்றைச் செய்திருந்தால் அன்றைய இரவு வேறுவிதமாகக் கழிந்திருக்கும்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வர்த்தகரின் கடமை. முறைப்பாடு இருந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகாரசபைக்கு அறிவிக்கலாம்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

மாதத்தில் ஒரு நாளை, உதாரணமாகப் பூரணை தினத்தை, ரோச் லைற் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று எரித்துப் பார்த்துச் சார்ஜ் செய்து வழமையான இடத்தில் வையுங்கள். அந்த இடம் வீட்டிலுள்ள எல்லோருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நீண்ட நாள் பாவிக்காத ரோச் லைற்றிலிருந்து சாதாரணப் பற்றரியைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கசிந்து உள்ளே துருப்பிடிக்கும். பழைய பற்றரியையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. சாதாரணப் பற்றரியைச் சார்ஜரில் போடவே கூடாது. லித்தியம் பற்றரி வீங்கினாலோ, தோல் கிழிந்தாலோ, தாங்க முடியாதளவு சூடானாலோ பாவிப்பதை உடனே நிறுத்துங்கள். படுக்கையிலும் தலையணைக்கு அடியிலும் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம்.

பழைய பற்றரியை அடுப்பிலோ குப்பை எரிக்கும் நெருப்பிலோ போடாதீர்கள், வெடிக்கும். கிணற்றடியில் புதைக்கவும் வேண்டாம். ஒரு போத்தலில் சேர்த்து வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுப்பதே முறை.

தாய்மார் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. திறப்புக் கோர்வையில் மாட்டும் சின்ன ரோச் லைற்றிலும் விளையாட்டுப் பொருட்களிலும் உள்ள பொத்தான் பற்றரியைக் குழந்தை விழுங்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். மலத்தோடு போய்விடும் என்று காத்திராமல் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூடியில் திருகாணி இல்லாத பொருளைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாங்காதீர்கள்.

எமது அயல் சகோதரி இப்போது இன்னொரு ரோச் லைற் வாங்கியிருக்கிறார். பெட்டியில் 2600 எம்.ஏ.எச்., 200 லூமன் என்று மட்டுமே போட்டிருக்கிறது. முன்னையதைவிட விலை கூட. வந்த அன்றே எரியவிட்டுப் பார்த்தார். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நின்று எரிந்தது. அது கதவடியில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த தடவை மின்சாரம் நின்றபோது அதை ஓடிப்போய் எடுத்து வந்தவன் அந்தச் சின்ன மகன்தானாம்.

மலிவாக வாங்குவது மட்டும் சிக்கனம் ஆகாது. தேவைப்படும் இரவில் எரிகின்ற விளக்கை வாங்குவதே சிக்கனம். சகோதரிகளே, இன்றிரவே உங்கள் வீட்டு ரோச் லைற்றை ஒரு தடவை எரித்துப் பாருங்கள்.